நின்ற டிராக்டர் மறுபடி கிளம்பாவிட்டால்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ளது திருவானைக்காவல். அங்கிருந்து கல்லணை செல்லும் சாலையில் திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று நெல்லும் வாழையும் விளையும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. இப்பகுதியில் சம்பா நடவுக்குச் சேற்றுழவு நடக்கும் நாட்களில், பழைய டிராக்டர் ஒன்று நடு வயலில் நின்றுவிட்டால் நஷ்டம் பல வழிகளில் வரும். நாற்றின் வயது ஏறும். வயது ஏறிய நாற்றில் தூர் கட்டுவது குறையும். நடவுக்குச் சொல்லி வைத்த ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள்.

இந்த அவசரத்தில் ஓட்டுநர்கள் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுண்டு. கால் மணி நேரத்தில் பாட்டரி இறங்கிவிடும். செல்ப் மோட்டாரும் சூடேறிக் கெடும். முதலில் இருந்தது ஒரு பழுது; இப்போது மூன்று. சிறிது பொறுமையாக, வரிசைப்படி பார்த்தால் பெரும்பாலான பழுதுகளை வயலிலேயே கண்டுகொள்ளலாம்.

எப்படி நின்றது?

முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியது, எஞ்சின் எப்படி நின்றது என்பதை. விட்டுவிட்டு ஓடி, இழுவை குறைந்து, திணறி நின்றிருந்தால் டீசல் சரியாக வரவில்லை என்று பொருள். கேஜ் வீல் சேற்றில் புதைந்து, பாரம் தாங்காமல் நின்றிருந்தால் எஞ்சினில் கோளாறு இல்லாமலே இருக்கலாம். அந்த வண்டி மறுபடி கிளம்பாததற்குப் பாட்டரியே காரணமாக இருக்கக்கூடும். காலையில் மேட்டிலிருந்து உருட்டிக் கிளப்பிய வண்டியின் பாட்டரி வலு, வயலில் நிற்கும்போதுதான் வெளிப்படும்.

சூடு முள் ஏறி, கருகல் நாற்றத்துடன் நின்றிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் தண்ணீரையும் எஞ்சின் ஆயிலையும் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. வாய்க்காலில் இறங்கி, காற்று வடிகட்டி வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தாலும் சுற்றக் கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இவை மெக்கானிக் பார்க்க வேண்டியவை.

டீசல் எஞ்சினின் மூன்று தேவைகள்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கும் இன்றைய டிராக்டர் எஞ்சினுக்கும் அடிப்படை ஒன்றே. இதில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கும்போது அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே தீப்பற்றும். ஆகவே தேவைகள் மூன்றே: எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், டீசல் வர வேண்டும், காற்று வர வேண்டும். இந்த வரிசையிலேயே சோதிக்க வேண்டும்.

செல்ப் சுற்றவில்லையா?

பல டிராக்டர்களில் கியர் நியூட்ரலில் இல்லாவிட்டாலோ, கிளட்சை மிதிக்காவிட்டாலோ செல்ப் வேலை செய்யாது. அதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பலாம். விளக்கு அணைவதுபோல் மங்கி, 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வந்தால் பாட்டரி இறங்கியிருக்கும், அல்லது அதன் முனை இணைப்பு சரியில்லை. விளக்கு மங்காமல் எரிந்து, ஒலியும் இல்லாவிட்டால் சாவி, அதன் கம்பி, சோலனாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், எர்த் கம்பியை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, இறுக்கிப் பூட்டி, வாசலின் தடவ வேண்டும். எஞ்சின் உடம்பில் எர்த் கம்பி சேரும் இடத்தையும் மறக்கக் கூடாது. அங்கே சேறும் துருவும் சேர்ந்திருந்தால் நல்ல பாட்டரியும் பயன்படாது. 12 வோல்ட் பாட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

சுற்றுகிறது, புகை வரவில்லை

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் புகைக்குழாயில் புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. எஞ்சினை நிறுத்தும் குமிழ் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? பழைய கேபிள் துருப்பிடித்தால் குமிழ் உள்ளே போனாலும் பம்பிலுள்ள கைப்பிடி திரும்பாது. அதைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பிறகு டாங்கின் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளையைச் சேறு அடைத்துள்ளது. டீசல் குறைவாக இருந்து, வண்டி சேற்றில் சாய்ந்து நின்றாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். ஏர் பிடித்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது டீசல் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

ஏர் எடுக்கும் முறை

டாங்கில் போதிய டீசல் ஊற்றிக் குழாயைத் திறக்க வேண்டும். பில்டர் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கை நெம்பை அடிக்க வேண்டும். நெம்பு விசையின்றித் தளர்ந்து ஆடினால், எஞ்சினைச் சற்றே சுற்றிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்க வேண்டும். அதேபோல் இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் செய்ய வேண்டும். கடைசியாக, இரண்டு நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அப்போது கையையும் முகத்தையும் அருகில் கொண்டுபோகக் கூடாது. அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது.

ஒரு மணி நேரத்தில் மீண்டும் ஏர் பிடித்தால் குழாய் வெடிப்பு, தேய்ந்த வாஷர் போன்ற கசிவு எங்கோ இருக்கிறது.

புகை சொல்லும் சேதி

வெள்ளைப் புகை வந்தும் கிளம்பாவிட்டால், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. மெதுவாகச் சுற்றுவது, டீசலில் தண்ணீர், தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆகியவை காரணங்கள். கறுப்புப் புகையானால் காற்றுப் போதவில்லை. ஆயில் தொட்டி வடிகட்டியில் பதரும் தூசியும் சேர்ந்திருக்கும். கழுவி, குறித்த அளவுக்குப் புது ஆயில் விட வேண்டும். ஆறினால் கிளம்பி, சூட்டில் நின்றால் மட்டும் கிளம்பாத வண்டிக்கு இன்ஜெக்ஷன் பம்பு தேய்ந்திருக்கலாம். அதைப் பம்புப் பட்டறையில்தான் சோதிக்க முடியும்.

செய்யக் கூடாதவை

செல்பை ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் அடிக்கக் கூடாது; இடையே 2 நிமிடம் ஓய்வு தர வேண்டும். காற்றுக் குழாயில் எரியும் துணியைக் காட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தரையில் நின்றபடி செல்ப் முனைகளை ஸ்பானரால் தொட்டுக் கிளப்புவது. வண்டி கியரில் இருந்தால் அந்தக் கணமே நகர்ந்து, பின் சக்கரம் ஆளின் மேல் ஏறும். ஓடி விலக நேரம் இருக்காது. ஒரு நாள் உழவைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ அண்டை விவசாயியிடமோ வாடகை வண்டி பெற்று உழவை முடித்துக்கொள்ளலாம்.

மாலையில் ஐந்து நிமிடம்

இரு ஆறுகளுக்கு நடுவே காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டாங்கில் இரவில் ஈரம் குளிர்ந்து தண்ணீராக இறங்கும். எனவே வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைப்பதும், காலையில் பில்டரின் அடியிலிருந்து சிறிது டீசலை வடித்து விடுவதும் நல்ல பழக்கம். டீசலைச் சுத்தமான மெல்லிய சல்லடை வைத்து ஊற்ற வேண்டும். ஒரு மாற்றுப் பில்டரும், நாலைந்து செப்பு வாஷரும், அளவான ஸ்பானர்களும் கருவிப் பெட்டியில் இருந்தால், நடு வயலில் நின்ற வண்டி அன்றைக்கே உழவை முடித்துக் கரையேறும்.