எடையற்ற வெளியிலே பிறந்த சொறிமுட்டைகள்

கண்களை மூடிக்கொண்டு தலையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். எப்பக்கம் சாய்ந்தோம் என்பதை நாம் உடனே உணர்கிறோம். எங்ஙனம்? நமது உட்காதினுள்ளே கல்சியம் காபனேற்றினாலாகிய நுண்மணிகள் உள. தலை சாயும்போது பூமியின் ஈர்ப்பினால் அவையும் சரிய, அவற்றின் அடியிலுள்ள உணர்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

அவ்வாறாயின், எடையே தோன்றாத விண்வெளியில் உருவாகும் ஓர் உயிருக்கு மேல், கீழ் என்னும் உணர்வு வாய்க்குமா? மனிதர் என்றேனும் குடும்பத்துடன் தொலைவிலுள்ள கோள்களுக்குச் செல்வாராயின், வழியிலே பிறக்கும் குழந்தையைப் பற்றியும் இக்கேள்வி எழுமன்றோ?

இதனை ஆராய முற்பட்ட அமெரிக்க விஞ்ஞானி டொறதி ஸ்பாங்கென்பேர்க் அம்மையார் தேர்ந்தெடுத்த பிராணி, ஜெல்லி மீன் எனப்படும் சொறிமுட்டையாகும். மூளையும் எலும்பும் அற்ற இவ்வெளிய பிராணியின் குஞ்சுக்கும் ஈர்ப்பை உணரும் உறுப்புகள் உண்டு. அதன் கைகளின் நுனிப் பகுதியில் அமைந்த அவ்வுறுப்புகளிலே கல்சியம் சல்பேற்றுப் பளிங்குகள் நிறைந்துள்ளன.

1991 யூன் மாதத்தில் கொலம்பியா விண்ணோடம் 2,478 சொறிமுட்டைகளைச் சுமந்துகொண்டு ஒன்பது நாட்கள் பூமியை வலம் வந்தது. ஓரிடத்தில் ஒட்டி வாழும் பருவத்திலிருந்தவை அங்கே குறுக்காகப் பிரிந்தன. ஒவ்வொரு பிரிவும் நீந்தும் குஞ்சாயிற்று. தோற்றத்தில் அவை பூமியில் வளர்ந்த குஞ்சுகளையே ஒத்திருந்தன. கைகளின் எண்ணிக்கையிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

எனினும் குறை வேறோரிடத்தில் வெளிப்பட்டது. சொறிமுட்டை தன் உடலைச் சுருக்கி விரித்தே நீந்துவது. விண்ணில் உருவான குஞ்சுகளுள் 18.3 வீதமானவற்றில் அவ்வியக்கம் பிழைபட்டிருந்தது. பூமியில் வளர்ந்தவற்றிலோ அது 2.9 வீதமே. ஈர்ப்பை உணரும் உறுப்பிலோ, நரம்பு தசைகளிலோ, அன்றி இவற்றின் இணைப்பிலோ குறை நேர்ந்திருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதினர்.

ஆயினும் நீர்வாழ் உயிர்கள் அனைத்துக்கும் இதுவே கதி என முடிவு கட்டிவிடலாகாது. 1994 யூலையில் அதே விண்ணோடத்திற் சென்ற நான்கு மெடாகா என்னும் சிறு ஜப்பானிய மீன்கள் விண்ணிலே கூடி 43 முட்டைகள் இட்டன. அவற்றுள் 8 அங்கேயே பொரித்தன. அக்குஞ்சுகள் பூமிக்குத் திரும்பி வளர்ந்து, தாமும் இனம் பெருக்கின.

சொறிமுட்டைகளிலும் பெரும்பாலானவை செவ்வனே நீந்தின என்பது உண்மையே. ஆனால் தன் குழந்தை அப்பெரும்பான்மையைச் சேருமா, எஞ்சியவற்றைச் சேருமா என்பதறியாமல் எந்தத் தாய் பயணம் புறப்படுவாள்?