தெருவே மேடை – 9: அம்மாக்கள் சொன்னது சரி

மெடெலின் என்றதும் நம்மில் பலருக்கு போதைக் கடத்தல் மன்னன் பாப்லோ எஸ்கோபார்தான் நினைவுக்கு வருவார். எல்லாம் ஓ.டி.டி. தொடர்களின் உபயம்! எஸ்கோபார் செத்த பிறகும் கொலம்பியாவின் அந்த நகரத்தில் துப்பாக்கி ஓயவில்லை.

நகரின் மேற்கு மலைச்சரிவில், செங்கல் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறி நிற்கும் பகுதி கொமுனா 13. கெரில்லாக்களின் பிடியில் இருந்த அந்தச் சரிவுக்குள், 2002 அக்டோபர் 16 அன்று ராணுவமும் போலீஸும் ஹெலிகாப்டர் சகிதம் இறங்கின. ‘ஒரியோன்’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். கெரில்லாக்கள் போனார்கள்; காலியான இடத்தில் வலதுசாரி ஆயுதக்குழுக்கள் வந்து உட்கார்ந்தன. அதன்பிறகு ஆட்கள் காணாமல் போனார்கள். கட்டட இடிபாடுகளைக் கொட்டும் லா எஸ்கொம்ப்ரேராவில்தான் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று அம்மாக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

அங்கே வளர்ந்த பையன்களை எல்லாத் தரப்பும் ஆள் சேர்க்கப் பார்த்தது. போக மறுத்த சிலர் மைக்கைப் பிடித்தார்கள். ‘சாவு இல்லாத புரட்சி’ என்ற பெயரில் ஹிப்ஹாப் விழா நடத்தினார்கள். அதற்கும் விலை இருந்தது. கொலாச்சோ என்று அழைக்கப்பட்ட ராப் பாடகர் 2009 ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் சில பாடகர்கள். நண்பர்கள் கலைந்து ஓடவில்லை. ‘காசா கொலாச்சோ’ என்று அவர் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் தொடங்கி, தெருப் பிள்ளைகளுக்கு ராப்பும் சுவரோவியமும் கற்றுக்கொடுத்தார்கள். ‘அகா’ என்ற இன்னொரு ராப் கலைஞர் பாட்டு வகுப்போடு தோட்ட வேலையையும் சேர்த்துக்கொண்டார். கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் நினைவாக அவரது ‘அக்ரோஆர்த்தே’ குழு செடிகள் நட்டது. எனக்கு ராப்பைவிட இந்தச் செடிகள்தான் பெரிதாகப் படுகின்றன. பாட்டு முடிந்துவிடும்; செடிக்கு நாளைக்கும் யாராவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

2011 இறுதியில் அந்தச் சரிவில் 384 மீட்டர் நீளத்துக்குத் திறந்தவெளி எஸ்கலேட்டர் வந்தது. பின்னாலேயே சுற்றுலாக் கூட்டமும் வந்தது. சுவரோவியங்கள் முன்னால் இன்று ஓயாத செல்ஃபி. நகர நிர்வாகத்துக்கும் அதில் பெருமைதான்.

2024 டிசம்பரில் லா எஸ்கொம்ப்ரேராவில் மனித எலும்புகள் கிடைத்தன. அடுத்த மாதமே, ‘அம்மாக்கள் சொன்னது சரி’ என்று இளைஞர்கள் நகரச் சுவரொன்றில் பெரிதாக எழுதினார்கள். மாநகராட்சி ஆள் அனுப்பி அதை அழித்தது. நகரம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்! சுற்றுலாப் பயணிக்குக் காட்டும்போது கலை. பெற்றவள் நியாயம் கேட்கும்போது குப்பை. இந்த இரட்டை நாக்கை அந்தப் பையன்களும் பெண்களும் சும்மா விடவில்லை. சில நாட்களில் திரும்ப வந்து அதே வாசகத்தை எழுதினார்கள். தலைநகர் போகோத்தாவின் சுவர்களிலும் அது ஏறியது.

(தொடரும்)