ஓடாத சோடா மிஷினை ஓட வைப்பது எப்படி?

மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கோலி சோடாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கடை வாசலில் மரப்பெட்டி, அதில் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில், குண்டை அமுக்கியதும் கிளம்பும் சத்தம் எல்லாம் நம் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தவை. பெரிய ஊர்களில் இதற்கென்று சோடாக் கம்பெனி இருந்தது. சிற்றூர்களில் கடைக்காரரே பின்கட்டில் ஒரு கை மிஷினை வைத்துத் தன் கடைக்கும் பக்கத்து ஐந்தாறு கடைகளுக்கும் சோடா போட்டார்.

அந்த மிஷின்களில் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பவை சாக்குக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. உங்கள் கடையிலோ உங்கள் வாடிக்கைக் கடையிலோ அப்படி ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் நம் போன்றவர்களுக்கு இது நல்ல வேலை. பெரிய படிப்பு வேண்டாம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு கல்லாவில் உட்கார்ந்தவன். பொறுமையும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் போதும்.

பிறந்த கதை

தண்ணீரில் வாயுவைக் கரைக்கும் வித்தையை 1767இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் கண்டுபிடித்தார். 1783இல் ஜெனீவா நகரில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். ஆனால் வாயுவைப் பாட்டிலுக்குள் அடைத்து வைப்பது பெரும்பாடாக இருந்தது. கார்க் காய்ந்தால் சுருங்கிவிடும், வாயு போய்விடும். இதற்கு வழி கண்டவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் கோலி சோடாப் பாட்டில்.

இதன் சூட்சுமம் எளிது. பாட்டிலின் வாய்க்குள் ஒரு காடி. அதில் ரப்பர் வாஷர். கழுத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு. உள்ளே இருக்கும் வாயுவே குண்டை மேலே தள்ளி வாஷரோடு அழுத்திப் பிடிக்கிறது. மூடி வேண்டாம், கார்க் வேண்டாம். சரக்கே தன்னை அடைத்துக்கொள்கிறது! ஜப்பானில் இதே பாட்டிலில் 'ராமுனே' என்ற பானம் இன்றும் விற்கிறது.

எனக்கு மிஷின் கிடைத்த விதம்

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் மொத்தக் கடை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் எங்களிடம் சரக்கு எடுத்த பெரியவர் ஒருவர், கடையை மூடுவதென்று முடிவு செய்து கணக்கு முடிக்க வந்தார். வயது எழுபத்தெட்டு. கணக்கு நேராகி எழுந்திருக்கும்போது சொன்னார்:

"அண்ணாச்சி, சோடா மிஷின் ஒண்ணு கெடக்கு. மூணு பொண்ணுகளைக் கட்டிக்கொடுத்த மிஷினு. கிலோக் கணக்குல போட மனசு வரல. ஓட வைக்கிற ஆளுன்னா சும்மாவே தந்துருவேன்."

சும்மா வாங்குவது வியாபாரிக்கு அழகல்ல. எடை போட்டால் என்ன வருமோ அதற்கு மேல் வைத்து ரூ.5,000 கொடுத்து எடுத்து வந்தேன். என் மகன் பார்த்துவிட்டு, "அப்பா, கோடவுன்ல சீனி மூட்டை வைக்க இடமில்ல, இது எதுக்கு?" என்றான். அவன் கேள்வியும் நியாயம்தான். மூலையில் நாலடி இடம் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மிஷின் வேலை செய்யும் முறை

கழற்றுவதற்கு முன்னால் அது எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும். வார்ப்பிரும்புக் கால்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவே நான்கு பாட்டில் பிடிக்கும் கூடு. கூட்டின் அச்சுத்தண்டு உள்ளே துளையுள்ளது. சிலிண்டரிலிருந்து வரும் வாயு அந்தத் துளை வழியாகத்தான் பாட்டில் வாய்க்குப் போகிறது. பக்கத்தில் கைப்பிடிச் சக்கரம்.

தண்ணீர் ஊற்றிய பாட்டில்களைக் கூட்டில் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். இரும்பு மூடியைச் சாத்த வேண்டும். வாயுவைத் திறந்து சக்கரத்தைச் சுற்றினால் பாட்டில்கள் தலைகீழாகவும் நேராகவும் புரளும். வாயு தண்ணீருக்குள் கொப்பளித்துக் கரையும். போதுமான சுற்று ஆனதும் பாட்டில் தலைகீழாக நிற்கும் நிலையில் நிறுத்த வேண்டும். குண்டு தானாக வாய்க்கு வந்துவிடும். வாயில் உள்ள வாயுவை வெளியே விட்டதும், உள்ளிருக்கும் அழுத்தம் குண்டை வாஷரில் ஒட்ட வைத்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு வாயு பிடிக்கும். பனிக்கட்டிக் குளிரில் கரையும் வாயுவில் பாதிகூட 30 டிகிரி வெயில் தண்ணீரில் கரையாது. சோடாப் போடுபவர்கள் விடியற்காலையில் பானைத் தண்ணீரில் வேலையை முடித்ததன் காரணம் இதுதான்.

கழற்றுவதும் துடைப்பதும்

ஒவ்வொரு சாமானையும் கழற்றும்போது நோட்டில் படம் போட்டு எண் கொடுத்தேன். அதே எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சாமானோடு கட்டினேன். சரக்கு மூட்டைக்கு அடையாளம் போடுகிற பழக்கம் இங்கே உதவியது. துருப்பிடித்த நட்டுகளைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, வார்ப்பிரும்பு விண்டுபோகும். மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விட்டால் இளகி வரும்.

துருவைக் கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் எடுக்கலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பேரக்குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. மளிகைச் சரக்கு இருக்கும் இடத்தில் இந்த வேலையே ஆகாது. நான் மொட்டை மாடியில் செய்தேன்.

பித்தளை வால்வு இரண்டு தேய்ந்து போயிருந்தன. லேத் பட்டறையில் மாதிரி காட்டிப் புதிதாகக் கடைந்து வாங்கினேன். ரப்பர் எல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தது. உணவுக்கு ஏற்ற ரப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். வண்டி டியூபை வெட்டிப் போடுவது பழைய பழக்கம், அது வேண்டாம்.

உள்ளே இருந்த செம்புக் குழாயையும் எடுத்துவிட்டேன். வாயு கலந்த தண்ணீர் லேசான புளிப்புத் தன்மை உடையது, செம்பைக் கரைக்கும். அந்தக் காலத்தில் உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பார்கள்; அந்தப் பூச்சு போயிருந்தது. அதற்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட்டேன். பழமை கெட்டுவிடுமே என்று சிலர் சொல்லலாம். வாயில் வைக்கும் பண்டத்தில் பழமையைவிடச் சுத்தம் முக்கியம்.

உயிர் விஷயம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பெரியவரின் இடது முன்கையில் ஒரு சாண் நீளத் தழும்பு உண்டு. பாட்டில் வெடித்துக் கிழித்தது. "மூடியைச் சாத்தாமச் சுத்துனா இப்படித்தான் அண்ணாச்சி" என்று காட்டினார். கண் போனவர்களும் இந்தத் தொழிலில் உண்டு.

சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் நம் ஊர் வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோவைத் தாண்டும். அதை நேராக மிஷினுக்குக் கொடுக்கவே கூடாது. ரெகுலேட்டர், பிரஷர் மீட்டர், சேஃப்டி வால்வு மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். பழைய சேஃப்டி வால்வு துருவில் ஒட்டியிருந்தால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. சிலிண்டரில் கடைசியாகச் சோதித்த தேதி பொறித்திருக்கும். அதைப் பார்த்து எடுங்கள். உணவுத் தர வாயு என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங்குக்கு வரும் வாயு வேறு.

குழாய், வால்வு எல்லாம் பூட்டியதும் முதல் சோதனை வாயுவில் செய்யாதீர்கள், தண்ணீரில் செய்யுங்கள். கைப் பம்பால் தண்ணீரை ஏற்றி, நாம் ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு வைத்து அரைமணி நேரம் பார்க்க வேண்டும். தண்ணீரில் விரிசல் விட்டால் சொட்டும்; வாயுவில் விரிசல் விட்டால் வெடிக்கும். எங்கள் மிஷினில் அச்சுத்தண்டு முனையில் சொட்டியது. கிளாண்டை மாற்றிய பிறகு நின்றது.

பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீறல், சில்லு இருந்தால் எத்தனை அழகாக இருந்தாலும் ஒதுக்குங்கள். பெரியவர் கொடுத்த நாற்பது பாட்டிலில் இருபத்தாறுதான் தேறியது. கண்ணாடி அணிந்து, தோல் கையுறை போட்டு, மூடியைச் சாத்தி, காற்றோட்டமான இடத்தில்தான் ஓட்ட வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தங்கி மூச்சை அடைக்கும்.

செலவுக் கணக்கு

வியாபாரிக்குக் கணக்கு இல்லாமல் கட்டுரை ருசிக்காது.

மிஷின் – ரூ.5,000
லேத் வேலை, பித்தளை வால்வு – ரூ.3,200
ஸ்டீல் குழாய், ஓஸ் – ரூ.2,400
பிரஷர் மீட்டர், சேஃப்டி வால்வு – ரூ.2,100
ரப்பர் வாஷர்கள் – ரூ.450
பெயிண்ட், மண்ணெண்ணெய், பிரஷ் – ரூ.850
ஆக மொத்தம் – ரூ.14,000

சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைப்புத்தொகை கட்டி வாடகைக்கு எடுத்தவை. நாலரை மாதம் ஆயிற்று. தினமும் மாலை இரண்டு மணி நேரம்.

ஓடிய நாள்

ஓட்டுவதற்குப் பெரியவரையே அழைத்து வந்தேன். முதல் நாலு பாட்டிலை அவர்தான் சுற்றினார். நான் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டார். ஆரம்பத்தில் தண்ணீர் சளசளவென்று அடிக்கும். வாயு ஏற ஏற அந்தச் சத்தம் அடங்கி வரும். "இப்ப நிறுத்துங்க" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினால் சோடா சரியாக இருந்தது. மூன்று நாள் தங்கச் சொல்லி அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டேன். மிஷினை விலை கொடுத்து வாங்கலாம். இந்தக் காதை எங்கே வாங்குவது? அவரோடு போய்விட இருந்தது, ஒரு தொழில். இப்போது என் மகனும் ஒரு பாட்டில் குடித்துவிட்டு, நாலடி இடத்தை ஆறடியாக்கிக் கொடுத்திருக்கிறான்.

நாம் யோசிக்க வேண்டியது

அமெரிக்காவில் காசு போட்டால் பாட்டில் தரும் பழைய குளிர்பானப் பெட்டிகளை இப்படிப் புதுப்பித்து வைப்பவர்கள் ஏராளம். அந்தப் பெட்டிகளின் கதையில் நமக்கும் பாடம் உண்டு. கோகோ கோலா 1886இல் 5 சென்ட்டுக்கு வந்தது. 1950கள் வரை அதே விலை. விலை ஏற்ற முடியாததற்கு ஒரு காரணம், பெட்டிகள் 5 சென்ட் நாணயம் ஒன்றை மட்டுமே வாங்கின. அடுத்த பெரிய நாணயம் 10 சென்ட்; ஒரேயடியாக இரட்டை விலை வைக்க முடியுமா? ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடித்துத் தரும்படி அரசாங்கத்தையே கேட்டார்கள், நடக்கவில்லை. எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் தன் மிஷினுக்குக் கட்டுப்பட்டதுதான்.

நம் ஊர் சோடா ஏன் படுத்தது? பாட்டில் கழுவும் கூலி, உடைசல், கலவரங்களில் சோடாப் பாட்டில் வீச்சு என்ற கெட்ட பெயர், பிறகு குளிர்பெட்டியோடு வந்த பெரிய கம்பெனிகள். 1977இல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993இல் திரும்பியது. 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவு செய்தது நினைவிருக்கும். அப்போது வாடிக்கையாளர் மாற்றுச் சரக்குக் கேட்டார். கொடுக்க நம் கையில் எத்தனை இருந்தன? விற்க மாட்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது. எதை விற்போம் என்பதும் கையில் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் கோலி சோடா அமெரிக்கா, ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி ஆவதாக மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. நாம் எடைக்குப் போட்ட சரக்கு கப்பல் ஏறுகிறது!

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். வீட்டில் பொழுதுபோக்குக்கு ஓட்டுவது வேறு, விற்பது வேறு. விற்பதானால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம், தண்ணீர்ச் சோதனை, லேபிள் எல்லாம் வேண்டும். அந்த வழியில் போக விரும்பும் இளைஞர்கள் போகட்டும்.

மற்றவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் சோடாப் போட்ட பெரியவர் ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். மிஷின் இன்னும் சில வருடம் துருவில் காத்திருக்கும். அவர் சொல்ல வேண்டியது காத்திருக்காது.