எதில் சிக்கனம், எதில் கவனம்?

தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, அதையடுத்துப் பொங்கல் என்று வரிசையாக வரும் மாதங்களில் பல வீடுகளில் புதிய திறன்பேசியோ சிறிய கேமராவோ வந்து சேரும். அதை வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் விலையை ஒப்பிடுகிறோம், காணொளி விமர்சனங்களைப் பார்க்கிறோம், அலுவலக நண்பர்களிடம் கேட்கிறோம். ஆனால் அதனுடன் சேரும் மெமரி கார்டு, சார்ஜர், கேபிள், பவர் பேங்க் ஆகியவற்றுக்கு அந்தக் கவனத்தில் கால்வாசிகூடக் கொடுப்பதில்லை. இணையக் கடையில் எது மலிவாகக் கண்ணில் படுகிறதோ அது கூடைக்குள் போய்விடுகிறது.

கேமரா பழுதானால் சரிசெய்யலாம். மெமரி கார்டு கெட்டுப்போனால் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் திரும்பி வராது. தரமற்ற சார்ஜர் சூடேறினால் பாதிப்பு அந்தச் சார்ஜரோடு நிற்காது. எனவே, குடும்ப வரவுசெலவில் இந்த ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம்: மின்சாரம் பாயும் பொருளிலும் படங்களைச் சேமிக்கும் பொருளிலும் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மற்றவற்றில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்.

மெமரி கார்டு: எந்த எண்ணைப் பார்ப்பது?

கார்டின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் '170 எம்பி' போன்ற வேகம், கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம். காணொளி எடுப்பவர் பார்க்க வேண்டியது ஓரத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் 'வி30' அல்லது 'யு3' குறி. பதிவு செய்யும்போது வேகம் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே போகாது என்பதே அதன் பொருள். சாதாரண கேமராக்களில் பலவும் 4கே காணொளியை நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட் அளவில் பதிகின்றன. அதற்கு வி30 தாராளம். வி60, வி90 எனும் விலை உயர்ந்த கார்டுகள் குடும்ப விழாக்களுக்குத் தேவையில்லை. அதே கணக்குப்படி 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 85 நிமிடக் காணொளி அடங்கும்.

இதில் மலிவு விலைக்குப் பின்னால் உள்ள பெரிய அபாயம் போலிக் கார்டு. 8 ஜிபி மட்டுமே கொள்ளக்கூடிய கார்டின் உள்நிரலை மாற்றி, 128 ஜிபி என்று கணினியையே நம்பவைத்து விற்பார்கள். முதல் சில நூறு படங்கள் நன்றாகவே இருக்கும். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு எடுப்பவை பதிவானதுபோல் காட்டும், திறந்தால் வராது. தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படங்கள் அந்தப் பகுதியில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது?

வாங்கிய அன்றே சோதித்துவிடுவது நல்லது. விண்டோஸ் கணினிக்கு 'எச்2டெஸ்ட்டபிள்யூ', மேக் கணினிக்கு 'எஃப்3' என்னும் இலவச மென்பொருள்கள் உள்ளன. கார்டு முழுவதையும் எழுதி, மீண்டும் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். சில மணி நேரம் ஆகலாம், செலவு ஒன்றுமில்லை. விழா முடிந்த இரவே படங்களை வேறோர் இடத்திலும் பிரதி எடுத்துவிடுங்கள். நல்ல கார்டும் ஒருநாள் கெடும்.

சார்ஜர்: முத்திரையைத் தேடுங்கள்

சுவரில் செருகும் சார்ஜர், பலவழி மின்செருகி போன்றவை சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். அவற்றில் 'சேஃப்டி மார்க்' எனப்படும் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். முத்திரையுடன் வரும் பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் இரண்டு முள் சார்ஜர்களில் இந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. ஐந்தாறு வெள்ளி மிச்சம் என்று அதை வாங்கி, அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டி, இரவு முழுவதும் பிள்ளையின் படுக்கை அருகே விட்டுவைப்பது வேண்டாத வேலை.

இங்கே சிக்கனத்துக்கு வேறொரு வழி உண்டு. எண்ணிக்கையைக் குறைக்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் திறன்பேசி, கைக்கணினி, கேமரா ஆகியவை யுஎஸ்பி-சி வழி மின்னேற வேண்டும் என்பது சட்டம். ஐஃபோனும் 2023ஆம் ஆண்டிலேயே அதற்கு மாறிவிட்டது. ஆகவே ஆளுக்கொரு மலிவுச் சார்ஜருக்குப் பதிலாக, முத்திரையுள்ள, இரண்டு மூன்று துளைகள் கொண்ட 65 வாட் சார்ஜர் ஒன்றைக் கூடத்தில் வைத்தால் திறன்பேசி, மடிக்கணினி, கேமரா மூன்றுக்கும் அதுவே போதும். மடிக்கணினிக்கு வாங்கும் கேபிளில் மட்டும் அது தாங்கும் வாட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னேற்றத்துக்குச் சரியாக இருக்கும் கேபிள், படங்களை மாற்றும்போது நத்தை வேகத்தில் போகலாம் என்பதையும் கவனிக்கவும்.

பவர் பேங்க்: ஒரு சிறு கணக்கு

10,000 எம்ஏஎச் பவர் பேங்கால் 5,000 எம்ஏஎச் திறன்பேசியை இரண்டு முறை நிரப்பலாம் என்று நினைக்கிறோம். மின்னழுத்த மாற்றத்தில் ஒரு பகுதி வீணாவதால் ஏறக்குறைய ஒன்றரை முறைதான் கிடைக்கும். 10,000 எம்ஏஎச் உள்ள பவர் பேங்க் சுமார் 200 கிராம் எடை இருக்கும். உள்ளங்கையில் அடங்கி, அதைவிட எடை குறைவாக இருந்து, '50,000' என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்காமல் விட்டுவிடுங்கள்.

பயணம் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. எம்ஏஎச் எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி. 30,000 என்றால் 111 வாட்-மணி. 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எந்த அளவாக இருந்தாலும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்க் பயன்படுத்தவும் அதற்கு மின்னேற்றவும் தடை உள்ளது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இவற்றில் மிச்சம் பிடிக்கலாம்

முக்காலி: கேமராவின் அடியில் உள்ள திருகுத் துளை கால் அங்குல அளவு. எந்த நிறுவனத்தின் முக்காலியும் பொருந்தும். திறன்பேசிக்கு மலிவு விலை முக்காலியே போதும். கனமான கேமராவுக்கு வாங்கும்போது அது எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள்.

மைக்: ஏப்ரலில் தமிழ் மொழி விழாப் போட்டிக்காகப் பிள்ளை பேசிப் பழகுவதைப் பதிவு செய்கிறீர்களா? சட்டையில் குத்தும் கம்பி மைக்கே போதும். அதன் முனையில் மூன்று வளையம் இருந்தால் திறன்பேசிக்கு, இரண்டு வளையம் இருந்தால் கேமராவுக்கு. ஒலித்துளை இல்லாத திறன்பேசிக்கு யுஎஸ்பி-சி முனையுள்ள மைக்கைக் கேளுங்கள்.

விளக்கு: சன்னலோர வெளிச்சம் இலவசம். விளக்குத்தான் வேண்டுமென்றால் 'சிஆர்ஐ' எண் 95க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண் குறைந்த விளக்குகளில் சிவப்பு நிறம் சரியாக வெளிப்படாததால் நம் மாநிறம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

வில்லைக்கு முன் மாட்டும் யுவி கண்ணாடி: கடைக்காரர் சொன்னாலும் அவசரமில்லை. மின்னிலக்க கேமராவுக்கு அது கீறல் தடுப்பான், அவ்வளவுதான்.

கேமராவின் பெரிய எதிரி நம் ஊர் ஈரக்காற்று. அலமாரியில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் வில்லையில் பூஞ்சை பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். மின்சார உலர்பெட்டி வாங்க வேண்டும் என்றில்லை. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், சிறிய ஈரமானி ஆகிய மூன்றையும் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் சரி.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டு

சிம் லிம் ஸ்குவேரோ, முஸ்தபா சென்டரோ, இணையக் கடையோ, 'உள்ளூர் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா' என்று முதலில் கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் விலை குறைவுதான். ஆனால் உற்பத்தி நிறுவனத்தின் இங்குள்ள சேவை நிலையம் அதன் உத்தரவாதத்தை ஏற்காமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. அதையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள்.

2012ல் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரக் கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும், தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கிறது. எல்லாவற்றுக்கும் கையில் பற்றுச்சீட்டு வேண்டும். வாங்கிய உடனே அதைப் படமெடுத்து வையுங்கள், மை சீக்கிரம் மங்கிவிடும்.

அடுத்த பொருளை வாங்கும் முன் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கேபிளும் கார்டும் அங்கேயே கிடைக்கலாம். உப்பிப்போன மின்கலன் கண்ணில் பட்டால் அதை மீண்டும் மின்னேற்றாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு மறுபயனீட்டுத் திட்டத்தில் அதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு, அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுங்கள்.