வேலையை விட்டுச் சென்றவரிடம் இன்னும் சாவி இருக்கிறதா?

பூச்சோங்: அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்தால், அவருடைய நுழைவு அட்டையை நிர்வாக அலுவலகம் முடக்கிவிடுவது வழக்கம். பூச்சோங்வாசிகள் பலருக்கும் இது பழகிப்போன நடைமுறை. ஆனால், கடைவீட்டு மாடியில் நான்கைந்து பேரை வைத்துச் செயலி உருவாக்கும் நிறுவனங்கள் எல்லாம் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றனவா?

செயலியின் மூல நிரல் பெரும்பாலும் கிட்ஹப் போன்ற இணையக் களஞ்சியத்தில்தான் இருக்கும். அங்கே நிறுவனக் கணக்கில் ஒருவருக்கு ஐந்து நிலைகளில் உரிமை வழங்கலாம். முதல் நிலையில் இருப்பவர் நிரலைப் படிக்கலாம்; அடுத்தவர் பிழைப் புகார்களை வகைப்படுத்தலாம். மூன்றாம் நிலையில்தான் நிரலை மாற்றும் உரிமை கிடைக்கிறது. அதற்கு மேல் பராமரிப்பாளர், நிர்வாகி. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது நிர்வாகியின் கையில் இருக்கிறது.

பயிற்சிக்கு வந்த மாணவருக்கும் நிர்வாகி உரிமையைக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. அவர் எதற்கும் வந்து கேட்க மாட்டார். வேலைப் பளுவில் பலர் செய்வது இதுதான்.

களைப்பில் கொடுக்கப்படும் உரிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024இல் உலகம் பார்த்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற இலவச மென்பொருளைப் பின்லாந்தின் லாஸ்ஸே காலின் ஏறக்குறையத் தனியாளாகப் பராமரித்து வந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையாக உதவி, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் உரிமையையும் பெற்றார். பிறகு, அந்த மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற மைக்ரோசாப்ட் பொறியாளர், அதைத் துருவிப் பார்த்து மார்ச் 29ஆம் தேதி அம்பலப்படுத்தினார். உலகம் தப்பியது அந்த அரை வினாடியால்!

சிறு நிறுவனத்திற்கு இவ்வளவு பெரிய எதிரி தேவையில்லை. விலகிய ஊழியரின் கணக்கு ஒன்று திறந்திருந்து, அதன் கடவுச்சொல் வேறெங்கோ கசிந்தாலே போதும். வாடிக்கையாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வெளியேறிவிடும். திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

தடுக்கும் வழிக்குச் செலவில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை சம்பளப் பட்டியலையும் களஞ்சியத்தின் பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால் யார் எதை மாற்றினார் என்றே தெரியாது. ஆளுக்கொரு கணக்கு வேண்டும். நிர்வாகிகள் இருவர் இருப்பது நல்லது. ஒருவர் மட்டும் இருந்து, அவரும் திடீரென விலகினால் கதவே பூட்டிக்கொள்ளும்.

பலர் தவறவிடுவது இன்னொன்று. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு அந்த வரியை நீக்கினாலும் களஞ்சியத்தின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். புலனக் குழுவில் பகிர்ந்ததும் அப்படித்தான். வரியை அழித்தால் போதாது, கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.