மூன்று தொட்டிகளும் ஒரு பழைய ஐயமும்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், 18 வயது நிறைந்த ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. உலர்ந்த சரக்கு 50 கிராமுக்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது, செடி சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது, விளைந்ததைப் பிறருக்கு விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது என்பன அதன் நிபந்தனைகள். இதன் விளைவாக, தக்காளியும் துளசியும் இருந்த மாடிமுகப்புகளில் மூன்று தொட்டிகள் கூடின. நுனியைக் கிள்ளுவது, கிளையை வளைத்துக் கட்டுவது, விளக்கெரியும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பது என்று ஆளுக்கொரு சோதனையும் தொடங்கியது. வளர்ப்போரை ஆட்டிவைக்கும் கேள்விகள் இரண்டுதாம்: செடி எப்போது பூக்கும், பூப்பது ஆணா பெண்ணா? இவற்றுள் இரண்டாவது கேள்வி, அதே ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத் தோட்டம் ஒன்றில் 330 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞரைக் குழப்பிய கேள்வியாகும்.

கஞ்சா தரும் மயக்கத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அது பற்றிப் பேசுவோர் போதிய அளவில் உள்ளனர். செடியைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் நெருங்கிய உறவாகிய இச்செடிக்கு, கன்னாபிஸ் சடைவா என்ற அறிவியல் பெயரை லின்னேயசு 1753இல் இட்டார். நாருக்கு வளர்க்கப்படும் சணல்வகையும் மயக்கத்துக்கு வளர்க்கப்படும் கஞ்சாவும் இந்த ஒரே இனத்தின் இருவேறு வளர்ப்பு வகைகள் என்பதே பெரும்பாலான தாவரவியலார் கொள்ளும் கருத்து.

முதல் கேள்விக்கு விடை இரவில் இருக்கிறது. கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். அதாவது, பகல் குறுகி இரவு நீளும் காலத்தில்தான் அது பூக்கத் தொடங்கும். தமிழ்நாட்டு உழவருக்கு இது புதிய செய்தியன்று. பழைய சம்பா நெல்வகைகளை முன்னே பின்னே விதைத்தாலும் அவை பகல் குறுகும் பருவத்தை எதிர்பார்த்திருந்தே கதிர்விடும் என்பதையும், குறுவைக்கு ஏற்ற வகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் அவர்கள் அறிவர். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேர அளவே. பெர்லினிலோ அது 9 மணி நேரத்துக்கும் மேல். ஆகவே ஜெர்மானிய மாடியில் நிற்கும் செடி ஆனி, ஆடி முழுவதும் இலையும் தண்டுமாகவே வளர்ந்து, பகல் நன்கு குறுகத் தொடங்கிய பிறகே பூவுக்குத் திரும்புகிறது. அறைக்குள் வளர்ப்போர், நாளொன்றுக்கு 18 மணி நேரம் விளக்கெரித்துச் செடியை வளரவிட்டு, பின்னர் அதை 12 மணி நேரமாகக் குறைத்து, அந்தப் பருவமாற்றத்தைத் தாமே உண்டாக்குகின்றனர்.

பகலின் நீளம் பூப்பை ஆளுகிறது என்னும் இந்த உண்மையை, ஒளிக்காலத்துவம் என்று இன்று பாடநூல்கள் கூறும் இந்தப் பண்பை, அறிவியல் முதன்முதலில் கண்டுகொண்டது கஞ்சாச் செடியிலும் ஹாப்ஸ் வகையிலுந்தான் என்பது பலரும் அறியாத செய்தி. பிரெஞ்சுத் தாவரவியலார் ஜூலியன் தூர்நுவா, ஒளிபடும் நேரத்தைக் குறைத்தால் இச்செடிகள் உரிய காலத்துக்கு முன்பே பூத்துவிடுவதை 1912இலும் 1914இலும் எழுதினார். தொடர்ந்து ஆராயும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை, முதல் உலகப் போர் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. 1920இல் அமெரிக்காவின் கார்னர், ஆலர்டு இருவரும் புகையிலையிலும் சோயா மொச்சையிலும் இதே உண்மையை விரிவாக நிறுவியதால் பெயர் அவர்களைச் சேர்ந்தது. செடி அளப்பது பகலையன்று, இடையறாத இருளை என்பது 1938இல் மருளூமத்தைச் செடியில் ஹேம்னர், பானர் ஆகியோர் செய்த சோதனைகளால் தெரியவந்தது: நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் ஒளி பட்டால் போதும், செடி அதை இரண்டு சிறிய இரவுகளாகக் கணக்கிட்டுப் பூக்க மறுத்துவிடும். சிவப்பொளி பட்டால் ஒரு வடிவமும் இருளில் மற்றொரு வடிவமும் கொள்ளும் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதமே இலைக்குள் இருந்து இதை உணர்கிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள வட்டாரங்களில் சாமந்தி வயல்களில் இரவெல்லாம் மின்விளக்குகள் எரிவதைக் கண்டு வியப்போர், பூவை விரைவுபடுத்துவதற்காக அவை எரிகின்றன என்று எண்ணக்கூடும். செடி நன்கு வளரும் வரை பூக்கவிடாமல் நிறுத்திவைப்பதற்காகவே அவை எரிகின்றன.

நுனி கிள்ளுதலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளரூக்கி கீழிறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி போனால் அடக்கம் தளர்ந்து பக்கக் கிளைகள் வெடிக்கும். செண்டுமல்லி வளர்ப்போர் காலங்காலமாகச் செய்வதையே, ஜெர்மானியத் தோட்டக்காரர் தொட்டியில் செய்துபார்க்கிறார். கஞ்சா வேரின்மேல் ஹாப்ஸ் தண்டை ஒட்டுக்கட்டினால் ஹாப்ஸிலும் மயக்கப்பொருள் ஊறும் என்றொரு நம்பிக்கையும் 1940களில் கிளம்பி நெடுங்காலம் நிலவியது. 1975இல் கிராம்பி இணையர் செய்த ஒட்டுச் சோதனைகள் அது ஊறவில்லை என்று காட்டின. அப்பொருள் வேரிலிருந்து ஏறி வருவதன்று, பூவின் மேற்பரப்பிலேயே ஆக்கப்படுவது.

இனி இரண்டாவது கேள்வி. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிச் செடிகளில் தோன்றும் தாவரங்களை ஈரில்லத் தாவரங்கள் என்பர். தமிழர்க்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு பனை. பாளை விடும் வரை ஆண்பனை எது, பெண்பனை எது என்று நட்டவருக்கே தெரியாது. கஞ்சாவும் ஈரில்லச் செடியே. ஆனால் அதன் காத்திருப்பு சில கிழமைகளில் முடிந்துவிடுகிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவைக் கைக்கண்ணாடி கொண்டு நோக்கினால், ஆண்செடியில் மிளகினும் சிறிய பச்சை மொட்டுகள் குலையாகத் தொங்குவதும், அவை விரிகையில் ஐந்து இதழ்களுக்குள் ஐந்து மகரந்தப்பைகள் ஆடுவதும் தெரியும். பெண்செடியில் இதழ் என்று ஒன்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கூம்பிய ஒரு பூவடிச்செதிலின் வாயிலிருந்து வெண்ணிறச் சூலகமுடிகள் இரண்டு பூச்சியின் உணர்கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிப்பதற்கு இதழும் நிறமும் தேவையில்லை.

அந்தச் செதிலின் மேற்பரப்பை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால், மெல்லிய காம்பின்மேல் உருண்டைத் தலை வைத்த சுரப்புத்தூவிகள் நெருக்கமாக நிற்பதைக் காணலாம். தலை ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. முதலில் நீர்த்துளிபோல் தெளிந்தும், பின் பாலேறியும், முதிர்கையில் தேன்நிறமாகவும் மாறும் இந்தத் தலைகளில்தான் பிசின் சேர்கிறது. மயக்கம் தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலும் வலிப்புநோய் சிலவற்றுக்கு மருந்தாகும் கன்னாபிடையாலும் அங்கே அமில வடிவில் இருந்து, வெப்பம் பட்டபின் அமிலமல்லாத வடிவுக்கு மாறுகின்றன. இந்த மயக்கப்பொருளைத் தனியே பிரித்து அதன் கட்டமைப்பை 1964இல் இஸ்ரேலில் வெளியிட்டவர்கள் கயோனியும் ரஃபேல் மெக்கூலமும். மெக்கூலமின் குழு பின்னர், அது மூளையில் பற்றும் அதே ஏற்பியில் செயற்படும் பொருளொன்றைப் பன்றி மூளையிலிருந்து 1992இல் பிரித்தெடுத்து, ஆனந்தம் என்ற சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் சூட்டியது.

மகரந்தம் வந்து சேர்ந்துவிட்டால் பெண்பூ தன் ஆற்றலை விதைக்குத் திருப்பிவிடுகிறது. வராவிடில் மேலும் மேலும் பூவைத்துப் பிசினைக் கூட்டிக்கொண்டே போகிறது. மேற்கத்திய வளர்ப்போர் 'விதையின்றி' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் சின்செமியா என்று குறிக்கும் இந்த முறை, அவர்கள் கண்டுபிடித்ததன்று. பிரித்தானிய அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு மறு ஆண்டில் அளித்த அறிக்கையில், இன்றைய வங்கதேசத்திலுள்ள நௌகாவ் வட்டாரத்தின் போத்தார் என்னும் வல்லுநரை விவரிக்கிறது. பூக்கும் பருவத்துக்கு முன்னரே வயலில் நடந்து, ஆண்செடிகளைக் கண்ணால் அடையாளம் கண்டு களைவதே அவர் தொழில். மரபணுச் சோதனை இல்லாத காலத்தில், பூக்குமுன் ஆணைக் கண்ட அந்தக் கண்களின் பயிற்சி வியப்புக்குரியது. ஐரோப்பிய உழவரோ இதில் தடுமாறினர்: உயர்ந்து மெலிந்து விரைவில் பட்டுப்போகும் செடியைப் பெண் என்றும், தடித்து நின்று விதை தருவதை ஆண் என்றும் பழைய ஆங்கில வழக்கு மாற்றியே பெயரிட்டது. வலியது ஆணாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் கண்முன் நின்ற விதையையும் மறைத்துவிட்டது.

செடிகளுக்கும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனையால் முதலில் காட்டியவர் ட்யூபிங்கன் பேராசிரியர் ருடால்ஃப் கமெராரியசு. ஆமணக்கின் ஆண்மொட்டுகளை விரியுமுன் கிள்ளியெறிந்தும், பெண் மல்பெரியைத் தனியே நிற்கவிட்டும் பார்த்து, மகரந்தமின்றி முளைக்கும் விதை உண்டாகாது என்று 1694இல் அவர் எழுதினார். ஆனால் கஞ்சாச் செடி அவர் கொள்கைக்குக் கட்டுப்படவில்லை. ஆண்செடிகளிலிருந்து பிரித்துவைத்த பெண்செடிகளிலும் நல்ல விதைகள் சில விளைந்தன. விடை தெரியாத அந்த முரணை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். அறிவியலில் இதைவிட உயர்ந்த நேர்மை வேறில்லை.

கமெராரியசின் ஐயத்துக்கு இன்று இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். ஒன்று, தொலைவிலிருந்து காற்று சுமந்துவந்த மகரந்தம். மற்றொன்று, இச்செடியின் தனிவியப்பு: பெண்செடி சில வேளைகளில் தன்மேலேயே ஆண்பூக்களை விடும். மனிதரைப்போலவே கஞ்சாவிலும் எக்ஸ், ஒய் என்னும் பால் குரோமோசோம்கள் உண்டு. ஆயினும் குரோமோசோம் இடும் கட்டளை இங்கே இறுதியானதன்று. இருண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஒளி கசிதல், வெப்பம், காயம் போன்ற நெருக்கடிகளில், எக்ஸ் இரண்டு கொண்ட பெண்செடியும் மஞ்சள் மகரந்தப்பைகளை நீட்டித் தன்னைத் தானே சூலுறச் செய்துகொள்ளக்கூடும்.

இந்த மாற்றத்தின் திறவுகோலைத் தேடியவர்களுள் முன்னணியில் நின்றது ஓர் இந்திய ஆய்வகம் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எச். ஒய். மோகன் ராமும் வி. எஸ். ஜெய்ஸ்வாலும், எத்திலின் வாயுவை வெளியிடும் எத்தெஃபான் என்னும் வேதிப்பொருளால் ஆண் கஞ்சாச் செடியில் பெண்பூக்களை வரவழைத்து 1970இல் எழுதினர். ஜிப்பெரெலின் என்னும் வளரூக்கியால் பெண்செடியில் ஆண்பூக்களை வரவழைத்ததை 1972இல் வெளியிட்டனர். செடியின் எத்திலின் உணர்வை வெள்ளி அயனிகள் தடுத்துவிடும் என்பதைக் கொண்டு, வெள்ளிச் சேர்மங்களால் பெண்செடியில் வளமான மகரந்தம் தரும் ஆண்பூக்களை உண்டாக்க முடியும் என்று மோகன் ராமும் ஆர். சேத்தும் 1982இல் காட்டினர். தந்தையும் தாயும் பெண்செடிகளாகவே இருப்பதால், அப்படி விளையும் விதையில் ஒய் குரோமோசோம் இருக்க வழியில்லை. பெண்ணாகவே முளைக்கும் என்று உலகெங்கும் இன்று விற்கப்படும் விதைகள் இந்த அறிவின்மேல் நிற்பவை. மூன்று தொட்டிகளுக்கு மேல் வைக்க முடியாத ஜெர்மானியர், ஆண்செடிக்கு ஓர் இடத்தை இழக்க மனமின்றி அவற்றையே நாடுகிறார்.

இவ்வளவு கற்பித்த செடியை மயக்கத்தின் அளவுகோலால் மட்டும் மதிப்பது அறிவுக்குச் செய்யும் அநீதி. மயக்கப்பொருளின் வீதத்தை உயர்த்துவதே வளர்ப்புத் திறனின் அடையாளம் என்றாகிவிட்ட இன்றைய போக்கு வருந்தத்தக்கது. வளரும் மூளைக்கு அது கேடு என்பதனால்தான், உறுப்பினர்களுக்காகக் கூட்டாக வளர்க்கும் சங்கங்கள் 21 வயதுக்குட்பட்டோர்க்குத் தருவதில் அந்த வீதம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மானியச் சட்டமே வரம்பிட்டுள்ளது. இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, உரிமமின்றி இச்செடியைப் பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. நாருக்கும் விதைக்கும் உரிமம் கொடுக்க அதே சட்டம் மாநில அரசுகளுக்கு இடமளித்திருந்தும், உத்தராகண்டம் போன்ற சில மாநிலங்களைத் தவிரப் பிற அந்தக் கதவைத் திறந்து பார்க்கவும் முயலவில்லை. தில்லியில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனை வெளிநாட்டு விதை வணிகர் அறுவடை செய்வதை, நாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செடியின் ஆண் பெண் மாற்றத்தைக் கண்ணால் காண விரும்புவோர் சட்டத்தை மீற வேண்டியதில்லை. மோகன் ராம் கையாண்ட எத்தெஃபானே எத்ரல் என்ற பெயரில் உரக்கடைகளில் கிடைப்பது; பாகல், புடலை, சுரைக் கொடிகளில் பெண்பூக்களைக் கூட்டுவதற்கு வேளாண் துறையினர் பரிந்துரைப்பதும் அதுவே. இரண்டு பாகற்கொடிகளை ஒரே நாளில் நட்டு, ஒன்றுக்கு மட்டும் அவர்கள் சொல்லும் அளவில் அதைத் தெளித்து, காலைதோறும் இரண்டிலும் விரியும் ஆண்பூக்களையும் பெண்பூக்களையும் எண்ணி ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்; கொள்கைக்கு ஒத்துவராத எண்களையும் விடாமல் குறித்துவையுங்கள்.