'இன்ஃப்ளேமபிள்' என்றால் எரியாதா?



திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் வசிப்பவர்களுக்கு டேங்கர் லாரி புதிதல்ல. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது அல்லவா! அந்த லாரிகளின் பின்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் 'ஃப்ளேமபிள்' என்றும், சிலவற்றில் 'இன்ஃப்ளேமபிள்' என்றும் எழுதியிருக்கும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எட்டாம் வகுப்பில் ஒருமுறை இதைக் கேட்டேன். ஒரு மாணவன் சட்டென எழுந்தான். "சார், விசிபிள்னா கண்ணுக்குத் தெரியும், இன்விசிபிள்னா தெரியாது. அதே மாதிரி ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காது!" என்றான். வகுப்பே கைதட்டியது.

அவன் யோசித்த விதம் அருமை. ஆனால், விடை தவறு! இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தான்: 'எளிதில் தீப்பற்றக்கூடியது'. தவறான விடையை நம்பி அந்த லாரியின் அருகே யாராவது தீக்குச்சி உரசினால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்!

ஏன் இந்தக் குழப்பம்? நம் தமிழையே பாருங்கள். 'அநீதி' என்பதில் 'அ' என்றால் 'இல்லை'. 'அவ்வூர்' என்பதில் 'அ' என்றால் 'அந்த'. எழுத்து ஒன்று, வேலை இரண்டு! ஆங்கில 'இன்' என்பதும் அப்படித்தான். 'இன்விசிபிள்' என்பதில் 'இல்லை' என்று பொருள். 'இன்ஹேல்' (மூச்சை உள்ளே இழுப்பது) என்பதில் 'உள்ளே' என்று பொருள். லத்தீன் மொழியில் 'ஃப்ளாமா' என்றால் தீச்சுடர். 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'தான்.

இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் வந்தது. அதனால், அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம், 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்தும்படி வலியுறுத்தியது. தீப்பற்றாத பொருளுக்கு 'நான்ஃப்ளேமபிள்' என்று பெயர். 'நான்' இருந்தால்தான் பயமில்லை!

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. லாரியில் சாய்சதுர வடிவில் சிவப்புப் பலகையும், அதில் தீச்சுடர் படமும் இருக்கும். கூடவே ஓர் எண் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல், 1075 என்றால் சமையல் எரிவாயு. ஐக்கிய நாடுகள் சபை வகுத்த இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்றுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் பரவும். ஆகவே, லாரியிலிருந்து சற்றுத் தள்ளிப் பற்ற வைக்கும் பீடி நெருப்புகூட ஆபத்துதான். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்பதால், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மேலும் பரவும். விலகி ஓடி, 101க்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இன்று உங்களுக்கு ஒரு வேலை: வீட்டிலுள்ள தின்னர் டப்பா, சென்ட் பாட்டில், நகப்பூச்சு ஆகியவற்றில் இந்த இரண்டு சொற்களில் எது இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததும் அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வைத்து, அம்மாவுக்கும் பொருள் சொல்லுங்கள்!